யுத்தத்தை விரும்பியது யார்?

கனடாவில் அரசியல் விஞ்ஞானத்தில் மேற்படிப்பு மேற்கொண்டிருக்கும் என் மருமகள், அக்காவின் மகள், சில வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். அவள் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரைக்காகக் கேட்ட கேள்விதான். ஆனால் 2009ஆம் ஆண்டு தன் பதினோராவது வயதில் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தவள் கேட்கும்போது அது வெறும் கட்டுரைக் கேள்வியாக இருக்க முடியாது.

"மாமா, சிங்களச் சனம் யுத்தத்தை விரும்பினபடியால்தானே அரசாங்கம் யுத்தம் செய்தது?"

நான் ஆமென்றோ இல்லையென்றோ சொல்வதற்கு முன்னரே அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாள்.

"எங்கட சனமும் விரும்பினதுதானே?"

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். பொதுசன அபிப்பிராயம் என்ற சொற்றொடரை எத்தனை ஆசிரிய தலையங்கங்களில் பயன்படுத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் அன்று அவளுக்கு உடனடியாகப் பதில் சொல்ல இயலவில்லை. பிறகு பேசுவோம் என்று கூறித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தப் பதிலைத் தேடியபோது என் நினைவுக்கு வந்தவர்கள் அரசியல் தலைவர்கள் அல்லர். ஒருவர் எமது பத்திரிகையின் அச்சு இயந்திரப் பகுதியில் பணியாற்றிய சிங்கள நண்பர். மற்றவர் என் அக்கா.

அந்த நண்பர் குருநாகல் மாவட்டத்துக் கிராமமொன்றில் இருந்து எழுபதுகளில் கொழும்புக்கு வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை 'அய்யே' என்றழைப்பேன். அவர் என்னை 'மல்லி' என்பார். தமிழ்ப் பத்திரிகையை அச்சிடுவதிலேயே வாழ்நாளைக் கழித்த அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் மை தெரியும். அச்சாகி வரும் முதல் பிரதியை வெளிச்சத்தில் பிடித்து, எந்தப் பத்தியில் மை குறைவு, எந்தப் படம் கறுத்துப் போயிருக்கிறது என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

1994 நவம்பர் 9ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் சந்திரிகா குமாரதுங்க 62 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று வெற்றியீட்டினார். யுத்தத்தை நிறுத்திப் பேச்சுவார்த்தை நடத்துவதாக வெளிப்படையாகக் கூறி வாக்குக் கேட்டவர் அவர். எமது அய்யேயும் அவருக்கே வாக்களித்தார். ஏனென்று கேட்டபோது, "இது முடிய வேண்டும் மல்லி" என்றார். வேறு விளக்கம் எதுவும் தரவில்லை.

அக்காலத்தில் யாழ்ப்பாணக் கடைகளில் 'சந்திரிகா காப்பு' என்ற பெயரில் வளையல்கள் விற்பனையானதைப் பலர் மறந்திருக்கக்கூடும். 1995 ஜனவரி 8ஆம் திகதி போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தபோது வடக்கிலும் தெற்கிலும் மக்களுடைய மனநிலை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எனது தொழில் வாழ்க்கையில் அவ்வாறான மாதங்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஏப்ரல் 19ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படையின் இரு பீரங்கிப் படகுகளைத் தகர்த்ததுடன் விடுதலைப் புலிகள் அந்தப் போர்நிறுத்தத்தை முறித்துக்கொண்டனர். அதன்பின் தெற்கின் மனநிலையை மாற்றும் வேலை ஆரம்பமாயிற்று. 'சமாதானத்துக்கான யுத்தம்' என்ற சொற்றொடர் அப்போதுதான் பிறந்தது. சமாதானத்துக்காக வாக்களித்த மக்களிடம் சென்று, நீங்கள் தவறாக வாக்களித்துவிட்டீர்கள் என்று எந்த அரசாங்கமும் கூற முடியாது. ஆகவே, நீங்கள் கேட்டதைத்தான் தருகிறோம், இது அதற்கான வழி என்று கூறப்பட்டது. வெண்தாமரை இயக்கம் ஒருபுறம் சமாதானம் பேசிக் கிராமம் கிராமமாகச் சென்றது. மறுபுறம் ஒக்டோபர் 17ஆம் திகதி 'ரிவிரெச' நடவடிக்கை தொடங்கியது. ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இரவோடிரவாக வெளியேறினர். அக்காவும் அத்தானும் அந்த நெரிசலில் செம்மணி வெளியைக் கடந்தவர்கள்தாம்.

டிசம்பர் 5ஆம் திகதி வெறிச்சோடிய யாழ்ப்பாண நகரில் தேசியக் கொடி ஏற்றப்பட்டது. பிரதிப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த அனுருத்த ரத்வத்தை வெற்றிச் செய்தி பொறித்த சுருளை ஜனாதிபதியிடம் ஒப்படைத்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மறுநாள் வேலைக்கு வந்த அய்யே பாற்சோறு கொண்டு வந்திருந்தார். எனக்கும் ஒரு துண்டு தந்தார். "முடிந்துவிட்டது மல்லி" என்றார். ஓராண்டுக்கு முன்னர் சமாதானத்துக்கு வாக்களித்த அதே மனிதர். அவர் மாறிவிட்டார் என்று அன்று நான் உள்ளூரக் கோபப்பட்டேன். பல வருடங்கள் சென்ற பின்னரே அவர் மாறவில்லை என்பது புரிந்தது. முடிய வேண்டும் என்பதுதான் இரண்டு தடவையும் அவர் சொன்னது. எப்படி முடிய வேண்டும் என்ற இடத்தை அவர் வெற்றிடமாக விட்டிருந்தார். அதை நிரப்பியவர்கள் வேறு ஆட்கள்.

எல்லோரும் பேசுவது மக்கள் உணர்வு யுத்த முடிவுகளைத் தீர்மானிக்கிறது என்பதைத்தான். அது எவ்வாறு நடக்கிறது என்பதை நாட்காட்டியைப் பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம். 1997 மே 13ஆம் திகதி 'ஜயசிக்குறு' நடவடிக்கை ஆரம்பமானது. வவுனியாவில் இருந்து வடக்கு நோக்கி ஏ-9 வீதியைத் திறப்பது அதன் நோக்கம். 1998 பெப்ரவரி 4ஆம் திகதி, அதாவது சுதந்திரத்தின் பொன்விழா நாளுக்குள் பாதை திறக்கப்பட்டுவிடும் என்று மக்களுக்கு வாக்குறுதி அளிக்கப்பட்டது. காட்டுக்குள் நிற்கும் ஒரு படையணி எப்போது முன்னேற வேண்டும் என்பதை நிலமோ, மழையோ, எதிரியின் பலமோ தீர்மானிக்காமல் ஒரு விழாத் திகதி தீர்மானிக்கும் நிலைமை இப்படித்தான் உருவானது. திகதி வந்தது, பாதை திறக்கவில்லை. கண்டியில் நடைபெறவிருந்த விழா, ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை மீது நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதலை அடுத்துக் கொழும்புக்கு மாற்றப்பட்டது. ஒன்றரை வருடங்களுக்கு மேலாக இழுபட்டு, இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்களைப் பலிகொண்டு, 1998 டிசம்பரில் அந்த நடவடிக்கை கைவிடப்பட்டது.

வாக்குறுதி தவறியதை மக்கள் அறியக்கூடாது என்பதற்காகத் தணிக்கை வந்தது. இராணுவச் செய்திகளை அதிகாரியொருவரின் மேசைக்கு அனுப்பி, அவர் கோடிட்டு வெட்டியது போக எஞ்சியதைப் பிரசுரித்த காலம் அது. வெட்டிய இடங்களை வெறுமையாகவே விட்டுப் பக்கங்களை அச்சிட்டதும் உண்டு. மக்கள் உணர்வைக் காரணங்காட்டியே யுத்தம் நடத்தப்பட்டது. அந்த உணர்வு உண்மையைத் தெரிந்துகொண்டு உருவாகக்கூடாது என்பதிலும் கவனமெடுக்கப்பட்டது.

இதுவரை எழுதியதெல்லாம் மற்றவர்களைப் பற்றியது. இனி எழுதப்போவது என்னைப் பற்றியது.

2000ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி, சனிக்கிழமை. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. ஆனையிறவுப் படைத்தளத்தை இராணுவம் கைவிட்டுவிட்டது என்ற செய்தி அன்று உறுதியானது. இயக்கச்சியை இழந்ததால் குடிநீருக்கு வழியற்றுப் போய், கொளுத்தும் சித்திரை வெயிலில் படையினர் கிளாலிப் பக்கமாகப் பின்வாங்கியிருந்தனர். வீழ்த்த முடியாதது என்று கருதப்பட்ட தளம் அது. ஞாயிறு இதழின் முதற்பக்கப் பொறுப்பு என்னுடையது.

செய்தியை எச்சரிக்கையுடன் எழுதினேன். ஒரு பெயரடை கிடையாது. அரசாங்கத் தரப்பின் அறிவித்தலில் இருந்தவற்றையே பெரும்பாலும் பயன்படுத்தினேன். தணிக்கையில் சிக்குவதற்கு அதில் ஒன்றுமே இருக்கவில்லை. ஆனால் தலைப்பின் எழுத்தைப் பெரிதாக்கினேன். பின்னர் இன்னும் பெரிதாக்கினேன். எமது கணினியில் இருந்த எழுத்துருவைப் பக்கத்தின் முழு அகலத்துக்கும் எவ்வளவு பெருப்பிக்கலாமோ அவ்வளவு பெருப்பித்தேன். சொல்லுக்குத் தணிக்கை இருந்தது. எழுத்தின் பருமனுக்குத் தணிக்கை இருக்கவில்லை. ஆசிரிய பீடத்தில் இருந்த இளம் நிருபர்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். ஐந்து வருடங்களாக அகதியாக அலையும் அக்காவின் முகம் மனதில் வந்தது. அவளுக்காகத்தான் இது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்தை அச்சுத் தட்டாக்கி இயந்திரப் பகுதிக்கு அனுப்பியபோது இரவு பத்து மணிக்கு மேலாகிவிட்டது. அன்று அய்யேக்கு விடுமுறை நாள். இருந்தும் வந்திருந்தார். உயர்தரம் படித்துவிட்டு வேலையின்றி இருந்த அவருடைய கடைசி மகன் 1998இல் இராணுவத்தில் சேர்ந்திருந்தான். நின்றது ஆனையிறவில். செய்தி முதலில் வரும் இடம் பத்திரிகைக் காரியாலயம்தான் என்பதால் அந்த மனிதர் மாலையில் இருந்தே அங்கு காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாமற் போய்விட்டது.

"மல்லி, பெயர்கள் ஏதாவது வந்ததா?" என்று கேட்டார்.

"இல்லை அய்யே" என்றேன்.

தட்டை இரு கைகளாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வழக்கமாக அவர் பார்ப்பது மை ஏறும் விதத்தை. அன்று தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தியாவுடன் ஒப்பந்தம் கைச்சாத்தான நாளில்தான் இவ்வளவு பெரிய எழுத்தைப் போட்டார்கள்" என்றார். சற்றுப் பொறுத்து, "இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?" என்று கேட்டார்.

"செய்தி அய்யே" என்றேன்.

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தட்டைப் பொருத்தி இயந்திரத்தை ஓட்டினார். முதல் பிரதியை எடுத்து வழமைபோல் மை பார்த்து, திருகைச் சற்றுத் திருகிச் சரிசெய்து, என்னிடம் நீட்டினார். எங்கும் ஒரு குறை இல்லை. எழுத வாசிக்கத் தெரிந்த தணிக்கை அதிகாரிகளுக்கு விளங்காத என் தலைப்பு, தமிழே தெரியாத அந்தத் தந்தைக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முன்பே வெள்ளவத்தைக் கடைகளில் எமது பத்திரிகை தீர்ந்துவிட்டது. சிலர் இரண்டு பிரதிகள் வாங்கிச் சென்றார்களாம். இலண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் நண்பர்கள் தொலைபேசியில் அழைத்துத் தலைப்பைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

அதன் பின்னர் நடந்ததை இன்று நின்று பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிறது. வாசகர்கள் விரும்பியதை நாம் எழுதினோம். எழுதியதை அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை இதுவே மக்களின் உணர்வு என்று தலைமைகள் எடுத்துக் காட்டின. தலைமைகள் கூறியதை மீண்டும் நாம் எழுதினோம். சிங்களப் பத்திரிகைகளில் இதே சக்கரம் மற்றப் பக்கமாகச் சுழன்றது. ஆனையிறவே விழுந்த பின்னர் இனி எதையும் இழக்கமாட்டோம் என்ற எண்ணம் எம்மவரிடையே வேரூன்றியது. அதற்கு மாறாக ஒரு வரி எழுதினாலும், யாருடைய பணத்தில் எழுதுகிறாய் என்று கேட்டுக் கடிதம் வரும். நாளடைவில் அந்த வரியை எழுதுவதையே விட்டுவிட்டோம். எமது பத்திரிகைக்கு இரண்டு தணிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவர் அரசாங்கத்தின் சம்பளம் பெற்றவர். மற்றவர் எமது வாசகர். இரண்டாமவருக்குத்தான் நாம் அதிகம் பயந்தோம்.

அய்யேயின் மகன் உயிருடன் திரும்பினான். கிளாலி வரை நடந்து வந்து, தண்ணீர் இன்றி மயங்கி விழுந்து, மருத்துவமனையில் கிடந்து, விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன், மீண்டும் முகாமுக்குப் போகவில்லை. அந்நாட்களில் படையில் இருந்து தப்பியோடியவர்களின் தொகை பல்லாயிரம். உறவினரின் வாகனத் திருத்தகம் ஒன்றில் மறைந்திருந்து வேலை செய்தான். அடுத்த வருடம், 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்க விமானத் தளமும் சர்வதேச விமான நிலையமும் தாக்கப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் முதற்தடவையாக நாட்டின் பொருளாதாரம் அவ்வருடம் சுருங்கியது. டிசம்பர் 5ஆம் திகதித் தேர்தலில் சமாதானம் பேசிய ரணில் விக்கிரமசிங்கவின் தரப்பு வென்றது. யாழ்ப்பாணத்தில் கொடியேறிய நாளில் இருந்து சரியாக ஆறு வருடங்கள். அய்யே இம்முறையும் சமாதானத்துக்கே வாக்களித்தார். "இது முடிய வேண்டும் மல்லி."

2002 பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. மூன்று படையணிகளாலும் பல்லாயிரம் எறிகணைகளாலும் திறக்க முடியாமற்போன பாதையை ஒரு கையெழுத்துத் திறந்துவிட்டது. 2003இல் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து புதுக்குடியிருப்புக்குச் சென்று அக்காவைப் பார்த்தேன். எட்டு வருடங்களுக்குப் பின் சந்திப்பு. மருமகளுக்கு அப்போது ஐந்து வயது. என்னைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

தேநீர் தந்துவிட்டு, "கொழும்பில சனம் என்ன சொல்லுது?" என்று அக்கா கேட்டாள். நான் ஒரு பிரசங்கமே செய்தேன். சிங்கள மக்களின் மனநிலை இப்படி, புலம்பெயர்ந்தவர்களின் எதிர்பார்ப்பு அப்படி, இந்தியாவின் நிலைப்பாடு, சர்வதேசத்தின் அணுகுமுறை என்று அரைமணி நேரம் பேசியிருப்பேன். அத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார். அக்கா அரிசி புடைத்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"தம்பி, எல்லாரும் என்ன நினைக்கினம் எண்டு வடிவாச் சொல்லுறாய். எங்களிட்ட ஆர் கேட்டவை?"

அன்று அதை ஒரு பெண்ணின் அலுப்பாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். திரும்பிவந்து எழுதிய பயணக் கட்டுரையில் வீதியோரப் பனைகள் தலையிழந்து நின்றதைப் பற்றி எழுதினேன். அக்கா சொன்னதை எழுதவில்லை.

2005 நவம்பர் 17ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்ச 50.29 சதவீத வாக்குகளுடன் வெற்றி பெற்றார். ரணில் விக்கிரமசிங்கவுக்கும் அவருக்கும் இடையிலான வித்தியாசம் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் ஒன்றேகால் சதவீதமும் இல்லை. அந்தத் தேர்தலில் தமிழ் மக்கள் ஆர்வம் காட்டவில்லை என்று கூறப்பட்டது; அதையே மக்களின் முடிவு என்று நாமும் எழுதினோம். வாக்களிக்கப் போகவேண்டாம் என்று மக்களுக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கைகளை அறிந்திருந்தும் அவ்வாறு எழுதினோம். பேசவிடாமல் செய்துவிட்டு, அந்த மௌனத்துக்குப் பொருள் சொல்வதும் மக்கள் உணர்வை உருவாக்கும் வழிகளில் ஒன்று.

இறுதி யுத்தத்தின்போது நாட்காட்டி மீண்டும் வேலை செய்தது. மாகாண சபைத் தேர்தல்களை ஒரே நாளில் நடத்தாமல் துண்டு துண்டாக நடத்தினார்கள். 2008 ஓகஸ்ட்டில் வடமத்திய, சப்ரகமுவ மாகாணங்கள். 2009 பெப்ரவரியில் மத்திய, வடமேல் மாகாணங்கள். ஏப்ரல் 25ஆம் திகதி மேல் மாகாணம். களமுனையில் ஒவ்வோர் ஊர் விழும்போதும் தெற்கில் ஏதோவொரு மாகாணம் வாக்களிப்பதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. வெற்றி வாக்கைத் தந்தது. வாக்கு அடுத்த வெற்றிக்கான ஆணையாக வாசிக்கப்பட்டது. இந்நிலையில் யுத்தத்தை நிறுத்துமாறு வெளியில் இருந்து யார் கேட்டாலும், மக்களின் விருப்பத்தை நாம் மீற முடியாது என்று பதில் சொல்வது இலகுவாயிற்று.

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்த அன்று மாலை அய்யே தொலைபேசியில் அழைத்தார். அப்போது அவர் ஓய்வுபெற்றுக் கிராமத்தில் இருந்தார். அவருடைய குரலுக்குப் பின்னால் பட்டாசு வெடிக்கும் ஓசை கேட்டது.

"மல்லி, முடிந்துவிட்டது."

"வெடி கொளுத்துவது யார் அய்யே?"

"ஊரெல்லாம். எங்கள் வீட்டிலும்தான்" என்றார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "அக்கா எங்கே?" என்று கேட்டார்.

"புதுக்குடியிருப்புப் பக்கம்."

அவர் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. பட்டாசு ஓசை நின்றது. அந்த ஒரு வீட்டில் மட்டும் நின்றிருக்க வேண்டும். தூரத்தில் மற்றவை தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தன.

கடலுக்கப்பால் இருந்த உணர்வையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். 1987இல் வடமராட்சி மீதான படை நடவடிக்கையின்போது தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பு, புதுடில்லியின் ஏனைய கணக்குகளுடன் பொருந்தியிருந்தது. ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது பறந்து உணவுப் பொதிகளைப் போட்டன. 2009இல் அந்த உணர்வு குறைந்திருக்கவில்லை. ஜனவரி 29ஆம் திகதி சென்னையில் முத்துக்குமார் தீக்குளித்து உயிர்நீத்தார். ஏப்ரல் 27ஆம் திகதி முதலமைச்சர் கருணாநிதி அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் இருந்தார். கனரக ஆயுதப் பாவனையை நிறுத்துவதாகக் கொழும்பு அறிவித்தது; உண்ணாவிரதம் முடிந்தது; எறிகணைகள் முடியவில்லை. மே 13ஆம் திகதி தமிழ்நாடு வாக்களித்தபோது அங்கிருந்த 39 தொகுதிகளில் 27ஐ தி.மு.க. கூட்டணி வென்றது. இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் மக்களின் உணர்வு வற்றிவிடவில்லை. அதற்குச் செவிகொடுப்பது முடிவெடுப்போருக்கு முன்னர் வசதியாக இருந்தது. பின்னர் வசதியாக இருக்கவில்லை.

அக்காவின் கேள்வி எனக்கு முழுமையாகப் புரிந்தது அந்த மாதங்களில்தான். வன்னியில் சிக்கியிருக்கும் மக்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் என்று அரசாங்கத் தரப்பு அப்போது கூறிக்கொண்டிருந்தது. அந்த எண்ணிக்கையைக் கொண்டே உணவும் மருந்தும் கணக்கிடப்பட்டன. யுத்தம் முடிந்தபோது செட்டிகுளம் முதலிய முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அபிப்பிராயம் கேட்கப்படாதது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் தலைகூட எண்ணப்படவில்லை. மறுபக்கத்தில், வெளியேற முயன்றவர்களைப் புலிகள் தடுத்தார்கள், சுட்டார்கள். கொல்லப்பட்ட பொதுமக்களின் தொகை நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் குறிப்பிட்டது. இரு தரப்பும் 'எமது மக்கள்' என்ற சொல்லைத் தினமும் பயன்படுத்தின. அக்காவும் மருமகளும் வெளியே வந்தார்கள். அத்தான் வரவில்லை.

2022இல் மக்கள் உணர்வு மீண்டும் திசை மாறியது. மூன்று வருடங்களுக்கு முன்னர் 52 சதவீத வாக்குகளால் தெரிவான கோட்டாபய ராஜபக்சவை, எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற மக்கள் வெளியேறச் சொன்னார்கள். அவ்வருடம் மே 18ஆம் திகதி காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடைபெற்றது. கஞ்சி வழங்கப்பட்டது. அய்யேயின் மகன் அங்கிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தான். தந்தை காலமாகி அப்போது இரண்டு வருடங்கள்.

"அங்கிள், கஞ்சி குடித்தேன். உப்பே இல்லை" என்றான். பிறகு, "ஆனையிறவில் எங்களுக்கு இதுகூட இருக்கவில்லை" என்றான்.

இதை ஒரு பெரும் மனமாற்றம் என்று கொண்டாட நான் தயாரில்லை. பாற்சோறும் கஞ்சியும் ஒரே மக்களின் கையில் மாறி மாறி இருந்ததை நான் பார்த்துவிட்டேன். நாளைக்கு இன்னொருவர் இன்னொரு சொற்றொடருடன் வரக்கூடும். வரும்போது அதைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதற்கும் ஆட்கள் இருப்பார்கள்.

மருமகளுக்கு இதையெல்லாம் சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னேன். சிங்கள மக்களும் தமிழ் மக்களும் விரும்பியது யுத்தம் முடிவதை. அந்த விருப்பத்தின் மீது வெற்றி என்ற சொல்லை ஒட்டியவர்கள் தலைவர்களும் பத்திரிகைக்காரர்களும். குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்களிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை என்றேன். அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்கள், மாமா?" என்றாள் கடைசியில்.

இரும்புப் பெட்டியில் பழைய பிரதிகளை வைத்திருக்கிறேன். 2000 ஏப்ரல் 23ஆம் திகதி ஞாயிறு இதழை எடுத்தேன். தாள் பழுத்துவிட்டது, மை மட்டும் இன்னும் சீராக இருக்கிறது. முதற்பக்கத்தைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். செய்தியை வாசிக்கத் தேவையில்லை, தலைப்பின் எழுத்து எவ்வளவு பெரிது என்று பார் என அதன் கீழே எழுதினேன்.

அவளிடம் இருந்து இன்னும் பதில் வரவில்லை.